மாப்பிள்ளை சாப்பிடவில்லை

ஜூன் 4, செவ்வாய்
மாலை 6.40

அக்கா,

செவுள்கள் ஆறு. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அதில் நாலு, காற்றில் திரும்பிக்கொண்ட குடை மாதிரி முன்பக்கமாக வளைந்திருக்கின்றன. வால் நுனி கொக்கி. மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. புழுவை மூக்குக்கு நேரே காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதுதான் நிலவரம்.

நீ தீவுக்குக் கிளம்பும்போது எழுதிவைத்த குறிப்பில், "அவனுக்கு மனசு சரியில்லை என்றால் பார்த்தாலே தெரியும்" என்று இருக்கிறது. தெரியவில்லை. நான் டயாலிசிஸ் மிஷின் பார்க்கிறவன். மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். உன் ஆக்ஸலாட்டல் எப்போது பார்த்தாலும் சிரிக்கிறது. வாயின் அமைப்பே அப்படி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டுபிடிக்க? பக்கத்து வீட்டு அண்ணன் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, மீனுன்னா கால் இருக்கு, பல்லின்னா தண்ணிக்குள்ள இருக்கு, ஏதாவது ஒரு முடிவுக்கு வரக் கூடாதா?" என்கிறார். உதவிக்கு வந்த லட்சணம் இது.

பராமரிப்பில் குறை இல்லை. உறையவைத்த பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டு வெப்பத்தைப் பதினேழு டிகிரியிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சைப் பார்த்து எனக்கே குமட்டியது. எப்படி இத்தனை நாள் விட்டாய்? எங்கள் யூனிட்டில் செய்கிற மாதிரி ப்ளீச்சில் ஊறவைத்து, கொதிதண்ணீரில் மூன்று முறை அலசி, புதுசு போல ஆக்கிவிட்டேன். கூழாங்கற்களையும் விடவில்லை. இப்போது அந்தத் தண்ணீரில் முகம் பார்க்கலாம். ஆக, அழுக்கு காரணம் இல்லை. வேறு காரணம் சொல். தயவுசெய்து மனசு என்று எழுதாதே.

அம்மா நலம். முழங்கால் அப்படியேதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தம்பி


ஜூன் 8, சனி

அன்புள்ள ஸ்பேனருக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படகு ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதனால் கொஞ்சல் குறைவு, முறைத்துக்கொள்ளாதே.

டேய், அந்தப் பஞ்சை ஏன்டா கொதிதண்ணீரில் போட்டாய்? அந்த அழுக்கில்தான் அவன் உயிரே இருந்தது. அவன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில் குடியிருந்தன. அவற்றை வளர்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நீ கூண்டோடு காலி பண்ணிவிட்டாய். நீ முகம் பார்க்கிற அந்தத் தண்ணீர் அவன் தோலைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. செவுள் வளைவதும் வால் சுருள்வதும் அதனால்தான்.

திட்டவில்லை. குறிப்பில் நான் எழுதியிருக்க வேண்டும். ஒருத்தன் ப்ளீச்சைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவனைத் தொட்டியை விட்டு எடு. வலை வேண்டாம், பாத்திரத்தோடு மொண்டு எடு. மூடி உள்ள பெரிய டப்பாவில், குளோரின் நீக்கும் சொட்டு விட்ட குளிர்ந்த தண்ணீரில் போடு. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்று. இருட்டாக வை. புழுவை நீட்டிக்கொண்டு எதிரிலேயே நிற்காதே, அவனுக்கும் மானம் உண்டு. செவுளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினமாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. பால் சேர்க்காத டீயை நன்றாக ஆறவைத்து அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து பார். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர்.

அம்மாவிடம் சொல்லாதே. "இந்த வீட்டுக்கு வந்த ஒரே மாப்பிள்ளை, உக்காந்து சாப்பிட்டாலும் சிரிச்ச முகமா இருந்தான், அவனுக்கும் கண்ணு பட்டுடுச்சா" என்று ஆரம்பித்துவிடுவாள். கேலி அவளுடையது, பேர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு அவன் மாப்பிள்ளை இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கண்ணாடி ஓரத்துக்கு நடந்து வருகிற ஒருத்தன். ஏழு வருஷமாக வருகிறான். வேறு யாரும் அப்படி வந்ததில்லைடா. எட்டு மாதம் இந்தத் தீவில் உட்கார்ந்து காற்றளக்க நான் ஒப்புக்கொண்டதே, அவன் உன்னிடம் இருப்பான் என்ற தைரியத்தில்தான்.

படகுக்காரர் கூப்பிடுகிறார். பயப்படாதே.

உன் அக்கா


ஜூன் 14, வெள்ளி

அக்கா,

அமோனியா சோதனைச் சொட்டு வாங்கித் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய பச்சை. நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் திங்களன்று வந்தது. அதற்குள் செவுளில் நீ சொன்ன வெள்ளைப் பஞ்சு வந்துவிட்டது. நீ எழுதியதை எல்லாம் செய்தேன். டப்பா ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அம்மாவிடம் மறைக்க முடியவில்லை, கறிவேப்பிலை எடுக்கக் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "கண்ணையே மூட மாட்டேங்கறான்டா, தூக்கம் வரலையா?" என்றாள். அவனுக்கு இமையே கிடையாதும்மா என்றேன். "அட பாவமே" என்று கதவை மெதுவாகச் சாத்தினாள். அதிலிருந்து அவள் அந்த ஃப்ரிஜ்ஜைப் படாரென்று மூடுவதில்லை.

டீ கலந்து பார்த்தேன். ஒரு பக்கம் குறைந்தது, மறுபக்கம் ஏறியது. டாக்டரிடம் தூக்கிப்போனேன்.

"கடிக்குமா?"

"கடிக்காது டாக்டர்."

"அப்ப நீங்களே பிடிச்சுக்குங்க. நான் மாடு, நாய் பாக்கறவன் தம்பி. இதுக்குன்னு படிச்சவங்க இந்தப் பக்கம் யாரும் இல்ல. இன்னிக்கு உக்காந்து படிச்சுட்டுச் சொல்றேன்."

நிஜமாகவே படித்துவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார். உப்புத் தண்ணீர்க் குளியல் சொன்னார். கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் கேட்கலாம் என்று துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் தீவோடு பேசுகிற வயர்லெஸ் அவர்களிடம்தான் இருக்கிறது.

"மனுஷ உயிருக்கு ஆபத்தா?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"இல்லை."

"வீடு கீடு எரியுதா?"

"இல்லை."

"அப்ப கடுதாசி போடுங்க சார்."

போடுகிறேன். யூனிட்டில் இரண்டு பேர் லீவு, அதனால் இன்றுதான் உட்கார முடிந்தது. அவன் தலைகீழாக மிதக்கிறான். திருப்பிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கிறான். அப்புறம் மறுபடி புரள்கிறான். இதற்கு என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுது.

தம்பி


ஜூன் 15, சனி

அன்புள்ள ஸ்பேனருக்கு,

இந்தப் படகில் உன் கடிதம் இல்லை. தபால் பை வியாழனோடு கட்டிவிடுவார்கள், ஒருவேளை தவறவிட்டிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் உன் குணம் ஞாபகம் வந்தது. புகார் இருந்தால்தானே நீ பேனாவை எடுப்பாய்! ஆக, மாப்பிள்ளை இந்நேரம் சாப்பிட ஆரம்பித்திருப்பான். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் என் பங்கு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன்.

பசி எடுத்துவிட்டதே என்று அள்ளிப் போடாதே. முதலில் அரைப் புழு, நறுக்கிப் போடு. தொட்டிக்குத் திருப்பி விட அவசரப்படாதே.

இங்கே காற்று திசை மாறுகிறது. கருவியின் ஊசி இருப்புக்கொள்ளாமல் ஆடுகிறது. அடுத்த சனி படகு வருமா என்பது சந்தேகம்தான். எனக்குப் பயம் இல்லை, கட்டடம் கெட்டி. நீ அவனைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய், நான் வந்ததும் உன் முரட்டுக் கைக்கு ஒரு முத்தம்.

உன் அக்கா


ஜூன் 22, சனி
பிற்பகல் 2.15

அக்கா,

படகு கிளம்பவில்லை. என் பதினான்காம் தேதிக் கடிதமும் துறைமுகத்திலேயே கிடந்தது. உனக்கு இன்னும் எதுவும் தெரியாது. முத்தம், பிஸ்கட் எல்லாம் படித்தேன். யூனிட்டில் வைத்துப் படித்திருக்கக் கூடாது.

செவுள்களில் மயிர் மாதிரி இருந்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. தோல் உரிகிறது. இன்று காலை கையால் தாங்கிப் பிடித்தேன், விரலைத் தள்ளக்கூட முயலவில்லை.

மதியம் டாக்டர் வீட்டுக்கே வந்தார். டப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கை போனா கை முளைக்கும், கால் போனா கால் முளைக்கும்னு படிச்சேன் தம்பி. உள்ள கெட்டுப்போனது முளைக்காது."

"வலிக்குதா டாக்டர்?"

"சத்தம் போடாத ஜீவன். வலிக்கும்னுதான் எழுதியிருக்கு. தண்ணியில மருந்து கலந்தா அப்படியே தூங்கிடும். நீங்க சொல்லணும்."

"என்னுது இல்லை டாக்டர். அக்காவுது."

"அக்காவைக் கேளுங்க."

"கேக்க முடியாது."

அவர் பையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

யூனிட்டில் மிஷினை நிறுத்துவது என் கைதான். ஆனால் டாக்டர் எழுதி, வீட்டார் கையெழுத்துப் போட்ட பிறகு. முடிவெடுக்கிறவர் எப்போதும் வேறு யாரோ. இங்கே அந்த வேறு யாரோ வரவே இல்லை. அம்மாவைப் பார்த்தேன். "என்னை ஏன்டா பாக்கற" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வானொலியில் தீவின் காற்று வேகத்தை வாசித்தார்கள். அதை அளந்து அனுப்பியது நீதான். நீ நன்றாக இருக்கிறாய், வேலையில் இருக்கிறாய் என்று தெரிந்தது. கடல் அடங்க ஐந்து நாள் ஆகும் என்பதும் அதே செய்தியில்தான் தெரிந்தது. அதுவரை காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கப்போவது நான் இல்லை, அவன். எனக்கு உன் சம்மதம் வேண்டும் என்பதற்காக அவன் ஐந்து நாள் புரண்டுகொண்டே மிதக்க வேண்டும். அது என்னால் முடியாது. டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இனி செய்யப்போவது:

1. இன்னொரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றுவேன். பயன் இல்லை என்று தெரியும்.

2. ஐந்து மணிக்கு டாக்டர் மருந்தோடு திரும்பி வருகிறார். கலப்பது அவர். டப்பாவை நான் பிடித்துக்கொள்வேன்.

3. அம்மா தானும் கூட இருப்பதாக இப்போது வந்து சொல்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

4. அவனை எங்கே புதைப்பது என்று நான் முடிவு செய்யப்போவதில்லை. நீ வரும்வரை ஃப்ரீசரில் வைத்திருப்பேன். இடத்தை நீ சொல்.

5. தொட்டியைக் காலி செய்ய மாட்டேன். ஃபில்டர் ஓடட்டும்.

6. பதினான்காம் தேதிக் கடிதத்தைத் துறைமுகத்தில் கேட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். அதையும் இதையும் தபாலில் போட மாட்டேன். நீ இதைத் தனியாகப் படிக்கக் கூடாது.

7. முதல் படகில் நானே வருகிறேன். சாமான் மட்டும்தான் ஏற்றுவோம் என்றார்கள். சாமானோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது, இறங்கியதும் சொல்லிவிடுவேன். அப்புறம் நீ அடித்தாலும் அழுதாலும் படகு கிளம்பும்வரை உன் பக்கத்திலேயே இருப்பேன்.