நீ என்னிடம் முதலில் காட்டிய மாலைகள்

எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் லில்லிக்கு,

உன் மகள் ஷீபா செம்பூரில் ஒரு ஹால் எடுத்து நீ செய்த நகைகளையெல்லாம் கண்காட்சி வைக்கிறாள். அதற்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். "பெரியம்மா, அம்மாவப் பத்தி நாலு லைன் எழுதிக் குடுங்க" என்றாள். நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது? எழுதினால் முழுதாக எழுதுவேன், ஒரு எழுத்தையும் வெட்டக்கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இதைப் படித்து முடிப்பதற்குள் புத்தகம் வெளிவந்துவிடும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீ போனபின் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் உன் போட்டோ வந்தது. தாராவியின் நகைக் கலைஞர் என்று போட்டிருந்ததாம். ஷீபா எனக்குத் தமிழில் சொன்னாள். போட்டோவில் உன் பக்கத்தில் பாதி முகமும் ஒரு முழங்கையுமாக நான் இருக்கிறேன். அதற்குக் கீழே, "அண்டை வீட்டுக்காரர் ஒருவருடன்" என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் அண்டை வீட்டுக்காரியா லில்லி? என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, என் வீட்டு மேல் அறைக்கு, நான் பிடித்த ஏணியில் ஏறி வந்தவள் நீ. உன் ஓரகத்தி நான். அதைக்கூடக் கேட்டு எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. நீயாவது உயிரோடு இருந்தபோது பேட்டி கொடுத்த இடங்களில் என் பெயரைச் சொன்னாயா? சொன்னேன் என்பாய். சொன்னதை அவர்கள் போடவில்லை என்பாய். இருக்கட்டும்.

இந்த வேலையை முதலில் தொட்டது யார்? படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் கேட்கிறேன். நம் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் ஒரே பட்டறையில் பைக்குத் தோல் வெட்டினார்கள். பையில் ஓட்டைக்குப் போடுகிற பித்தளை வளையங்களில் நசுங்கினதையும் கோணினதையும் குப்பையில் தள்ளுவார்கள். நான் அதைப் பொறுக்கிவந்து, குறடு வைத்து நிமிர்த்தி, தோல் துண்டில் கோர்த்துக் காதில் மாட்டினேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையைக் கிழித்துக் கிழித்துத்தான் கற்றேன். ஒருநாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் காதைப் பிடித்துத் திருப்பி, "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சாகும்வரை இதுதான் என் வேலை என்று.

அப்புறம் நீ வந்தாய். உனக்கும் நான் சொல்லித் தரவில்லை. வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தாய். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நீ செய்த தொங்கட்டானைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. என் வீட்டு வாசலில் நின்று, என்னையே பார்த்து, "லில்லி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மேலே கையைக் காட்டினேன். அன்று தொடங்கியது எனக்கு.

பொறாமை என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பொறாமைப்படுகிற அளவுக்கு நீ செய்தாய், நான் பட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை.

ஆனால் ஒரு காரியம் மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. புதிதாக ஒன்று செய்தால் எல்லாரும் பொறாமைக்காரி கண்ணில் படாமல் மறைப்பார்கள். நீ முதல் வேலையாக அதை என்னிடம்தான் கொண்டுவந்தாய். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் உனக்குப் புத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. "ஏளா லில்லி, அந்தப் பொம்பள கண்ணுல காட்டாத. அவ பாத்தா பச்ச மரமும் பட்டுப்போகும்." நீ சிரித்துவிட்டு, கைக்குட்டையில் மாலையைச் சுற்றிக்கொண்டு ஏணியில் இறங்கிவருவாய்.

"எக்கா, ஒரு நிமிஷம் இதப் பாருங்க."

"கொக்கி கோணலா இருக்கு. ரெண்டு நாளுல பிஞ்சிரும்."

"அவ்வளவுதானாக்கா?"

"வேற என்ன? தோலும் தடிப்பு. கழுத்துல போட்டா அரிக்கும். போ, சோறு கொதிக்கி."

நான் அப்படிச் சொல்கிற நாளில் ஏணியில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவாய். என்றைக்காவது நான் மனசு இறங்கி, "நல்லா இருக்குட்டி, கொண்டு போ" என்றால் உன் முகம் தொங்கிவிடும். என்ன திமிர் இவளுக்கு, நான் பாராட்டினால் போதாதோ என்று நினைத்துக்கொள்வேன். செம்பூருக்கு வீடு மாறிப் போன பிறகும் நீ விடவில்லை. அதே கைக்குட்டையோடு பஸ் ஏறி வந்தாய்.

கடைசியாக நீ படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் எதையோ போர்வைக்குள் தள்ளினாய். நான் பார்க்காத மாதிரி கஞ்சியை ஆற்றினேன்.  மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

போன வாரம் ஷீபா போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா ஒரு மாலைய பாதில விட்டுட்டுப் போயிருக்கு. கொஞ்சம் வர முடியுமா?" எனக்குப் புரிந்துவிட்டது. முடித்துக் கொடுக்கச் சொல்லப் போகிறாள். முடிப்பது நான், பெயர் உனக்கு. மாட்டேன் என்று சொல்லிவிடுவதற்காகத்தான் சயானில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பையில் குறடும் அரமும் இருந்தன. அது ஏன் என்று கேட்காதே.

உன் மேசை அப்படியே ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. நல்ல வெளிச்சம். நான் இன்னும் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத்தான் கம்பி வளைக்கிறேன். இந்த வெளிச்சம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷீபா சாயா வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஷீபா, நான் முடிச்சுக் குடுக்க மாட்டேன்."

"முடிக்கவா? நஹி நஹி, பெரியம்மா. அதை யாரும் தொடக்கூடாது. நீங்க சும்மா பாத்தா போதும்."

எனக்குச் சுருக்கென்றது. வேலை தெரிந்தவளை வரச்சொல்லி வேலை கொடுக்காமல் வேடிக்கை பார்க்கச் சொல்வார்களா?

"பாக்கதுக்கா என்னை வரச் சொன்னே? நான் என்ன மியூசியத்துக்கா வந்திருக்கேன்?"

"டென்ஷன் ஆவாதீங்க பெரியம்மா. அம்மாவோட ரூல் உங்களுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் சொன்னாள். நீ இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாததை உன் மகள் சாயாவில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க குறை சொன்னா அது நேரா கடைக்குப் போயிடும். நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா, அம்மா வீட்டுக்கு வந்து உக்காந்து மொத்தத்தையும் பிரிச்சிடும். 'பெரியம்மாக்கு வயிறு எரியல ஷீபா, அப்ப இதுல ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லும்."

லில்லி, நீ உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். இத்தனை வருஷமும் என் வயிற்றெரிச்சலிலா நீ உலை வைத்தாய்? நான் மனசார நல்லது சொன்னதையெல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறாய். நான் வாய் கூசாமல் பழித்தவையெல்லாம் ஊரார் கழுத்தில் ஏறியிருக்கின்றன. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஷீபா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏக் மினிட், பெரியம்மா. பாதி வேலைய வைக்க வேண்டாம்னு கண்காட்சி நடத்துறவங்க சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டுறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டா பிரிச்சு வச்சிடறேன். அம்மா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கும்."

மாலை இருந்த பெட்டியைத் திறந்தாள். அன்று நீ போர்வைக்குள் தள்ளியது இதுதானோ?

பட்டறையில் தையல் பிசகினால் நூலைப் பிரித்துவிட்டுத் தோலைக் கழித்துவிடுவார்கள். ஊசி போன ஓட்டை மறையாது, அந்தத் துண்டு எதற்கும் ஆகாது. தோல் பொறுக்கும்போது நானும் அவற்றைக் கழித்துத்தான் போட்டேன். எத்தனை கூடை கொட்டியிருப்பேன்! நீ அந்தத் துண்டுகளை மட்டுமே எடுத்திருக்கிறாய். இலைபோல மெல்லியதாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அடுக்கி, பிசகிப்போன ஒவ்வொரு ஓட்டையிலும் முடி மாதிரிப் பித்தளைக் கம்பியை விட்டு எடுத்திருக்கிறாய். யாரோ ஒரு தையற்காரன் கை தவறின வரியெல்லாம் சாய்ந்து பெய்கிற மழைபோலப் பளபளக்கிறது. இடது பக்கம் முழுக்க அப்படி. வலது பக்கம் வெறும் ஓட்டைகள்.

எனக்கு வயிறு எரிந்தது.  அந்த ஓட்டைகளை என் கண்ணும் பார்த்தது. உன்னைவிட அதிக வருஷம் பார்த்தது. எனக்கு ஏன் அதில் ஒன்றும் தெரியவில்லை?

நல்லா இருக்கு. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். உன் மகள் என்னை நம்பி, என் கண்ணெதிரிலேயே அதைப் பிரித்துப் போட்டிருப்பாள். நீ செய்ததிலேயே பெரியது ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும். பொய்யும் இல்லையே! நன்றாகத்தானே இருந்தது? சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, இதுல ஒரு துண்டப் பிரிச்சே, உன் கைய ஒடிச்சிருவேன்."

ஷீபா விழித்தாள். "அப்ப நல்லா இருக்கா, இல்லையா பெரியம்மா?"

"அதக் கேக்காத. நடு மேசைல வை. பாதியாவே வை. எவளாவது முடிச்சுத் தாரேன்னு குறடத் தூக்கிட்டு வந்தா உள்ள விடாத."

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். நான் அழவில்லை. இதை நான் நல்லவள் என்பதால் செய்ததாக நினைத்துவிடாதே. அதைப் பிரித்துவிட்டால் நான் இத்தனை காலம் எதற்காக எரிந்தேன் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்காது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் செய்ததை நீ பார்க்கும்போதெல்லாம் என்ன சொன்னாய் லில்லி? "எக்கா, அள்ளிட்டுப் போகுது" என்பாய். "எக்கா, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்" என்பாய். ஒன்றுக்குக்கூட நீ குறை சொன்னதில்லை. நானும் அதை நம்பி, முகம் மலர்ந்து, உனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அது மரியாதையா? அல்லது உனக்கு வயிறு எரியவே இல்லையா?

ஒரே ஒருமுறை, நசுங்கின வளையங்களைத் தட்டி மீன் செதிள் மாதிரி நான் ஒரு ஜோடிக் கம்மல் செய்திருந்தேன். நீ அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த மடிப்ப எப்படிக்கா எடுத்திய?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் தலைவலி என்று மேலே போய்விட்டாய். அன்று நீ புகழவில்லை. அதுதானா? அந்த ஒன்றாவது உன்னைச் சுட்டதா? அல்லது உனக்கு உண்மையிலேயே தலைவலியா? இதை இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது நான் எதைச் செய்து காட்டினாலும் ஷீபா போனில் கட்டைவிரலைத் தூக்கி அனுப்புகிறாள். குழாயடிப் பெண்கள்கூட, பாவம் கிழவி என்று, "சூப்பர்க்கா" என்கிறார்கள். பாராட்டு என்ன பெறும் என்று நீ எனக்குக் காட்டிவிட்டுப் போனபின் அது ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. குறை சொல்ல ஓர் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை கேட்டு வாங்கிவிட்டேன். அட்டையில் என் முழுப்பெயரும், கீழே நகைக் கலைஞர் என்றும் இருக்கும். அண்டை வீட்டுக்காரி என்று இன்னொரு தடவை போட்டால் அட்டையைக் கிழிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வாசல் பக்கம் நல்ல இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், லில்லியின் பாதி மாலைக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றேன். "அங்க வச்சா உங்க மேசைய யாரும் பாக்க மாட்டாங்களே ஆன்ட்டி" என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும். எனக்கு அந்த இடம்தான் வேண்டும்.

உன் ஊசி ஓட்டைத் துண்டுகளை நான் தொட மாட்டேன். தெருவில் கூடைகூடையாகக் கிடக்கின்றன. இருந்தாலும் அது உன்னுடையது. எனக்கு என்னுடையதாக ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது, விரல் மடங்க மறுக்கிறது, ஆனாலும் உட்காருகிறேன். நீ பார்த்தால் வாயைத் திறக்க முடியாமல் எழுந்து போகிற மாதிரி ஒன்றைச் செய்து முடிப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அதுவரை நீ இருக்கிற இடத்துக்கு வரமாட்டேன். பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்காதே.

இன்னும் எரிந்துகொண்டிருக்கிற உன் ஓரகத்தி,
பாக்கியமணி
தாராவி