ஜன்னல் வெளிச்சத்தில் எட்டு நகைகள்

மார்ச் 3

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். அந்தக் கண்ணுக்கு எல்லாமே பனிக்குள் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஃப்ளாஷ் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணப் படம் எடுத்தே பிழைத்தவளிடம்! ஸ்டுடியோ முதலாளி போனில், "நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம், நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். "பரவால்ல சார்" என்று இனிக்க இனிக்கச் சொன்னேன். போனை வைத்ததும் தலையணையை ஓங்கிக் குத்தினேன்.

பின்னறையில் டொக் டொக்கென்று நாத்தனாரின் சுத்தியல். முப்பத்தெட்டு வயதாகியும் இந்த வீட்டில் அவள் பெயர் குட்டிதான். புருஷனை விட்டு வந்ததிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்து வெள்ளியிலும் செம்பிலும் நகை செய்கிறாள். அவளும் நானும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்வோம்.

மார்ச் 5

படுத்திருந்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 8

குட்டி ஒரு தட்டு நிறைய நகைகளோடு வந்து நின்றாள். பெரிய நகைக்கடை ஒன்று, புதிதாகச் செய்கிறவர்களுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்குகிறதாம். மாதக் கடைசிக்குள் எட்டு நகைகளின் படம் அனுப்ப வேண்டும். படம் அவர்களுக்குப் பிடித்திருந்தால்தான் நகையை நேரில் பார்ப்பார்கள். போனில் தானே எடுத்ததைக் காட்டினாள். அத்தனை அழகான வளையல், படத்தில் டப்பா மூடி மாதிரி இருந்தது.

"நீங்க எடுத்துத் தர முடியுமா அண்ணி?"

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கண்ணு போனவகிட்ட வந்து போட்டோ கேக்கறியே, உனக்கே நல்லா இருக்கா?"

அவள் அசையவில்லை. "ஒரு கண்ணுதானே அண்ணி போச்சு. கேமராவுக்கும் ஒண்ணுதான் இருக்கு."

தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன திமிர்!

மார்ச் 9

பல் தேய்க்கும்போது அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கண்ணாடியெல்லாம் நுரை. கேமரா பேட்டரியை சார்ஜில் போட்டேன். குட்டியிடம் சொல்லவில்லை.

மார்ச் 11

சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். நல்ல வெயில். வளையலின் ஒரு பக்கம் வெள்ளையாக எரிந்துபோய், மறுபக்கம் கரிக்கட்டை. சற்று நகர்த்தி வைத்து எடுத்தால், படத்தில் இருப்பது வளையல் இல்லை, நான்! பச்சை நைட்டியும் பரட்டைத் தலையுமாக. எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜ், அதற்குப் பின்னால் துணிக்கொடி.

மெருகேற்றிய உலோகம் தன்னைக் காட்டாது போலிருக்கிறது. சுற்றி இருப்பதைத்தான் காட்டும். அப்படியென்றால் நான் பார்க்க வேண்டியது வளையலை அல்ல. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை.

மார்ச் 14

மேகமூட்டம். இன்று குட்டியையும் கூப்பிட்டேன். ஜன்னல் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டினோம். வெளிச்சம் அப்படியே பால் மாதிரி இறங்கியது. எதிர்ப்பக்கம் குட்டி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டாள். வளையலின் விளிம்பு பின்னணியில் கரைந்துபோனதால் ஓரமாக ஒரு துண்டு கறுப்புக் காகிதம் வைத்தேன். உடனே விளிம்பு மை போட்ட கண் மாதிரி எடுப்பாக எழுந்து நின்றது.

"அய்யோ அண்ணி, இது நான் செஞ்சதா!"

நடந்தால் தரை அதிர்ந்து ட்ரைபாட் ஆடுகிறது. "அசையாதீங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். சமையலறை வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி, கையில் காபியோடு அப்படியே நின்றார் மனுஷர்.

மார்ச் 17

இன்று பெரிய தப்பு. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. பதக்கத்தைத் திருப்பலாம் என்று கையை நீட்டினேன், விரல் முன்னாலேயே போய் இடித்துவிட்டது. மேஜையிலிருந்து கீழே. மெல்லிய வெள்ளிக் கம்பியில் செய்த பூ, நசுங்கிப்போச்சு.

குட்டி சமாதானமெல்லாம் சொல்லவில்லை. கத்தினாள். "கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க! எதை நகத்தணும்னு வாயால சொல்லுங்க, நான் நகத்தறேன்!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னால முடியல டீ. எனக்கு எதுவுமே முடியல."

அவளும் உட்கார்ந்துவிட்டாள். நசுங்கிய பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்தாளு என்னைத் தகரம் தட்டறவள்னு சொல்லுவான் அண்ணி, வந்தவங்க முன்னாடியே" என்றாள். "இந்த எட்டும் ஒரு அலமாரியில இருக்கறத நான் பாக்கணும். அவன் பாக்க வேண்டாம். நான் பாத்தாப் போதும்."

இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இதை நான் கேட்டதே இல்லையே?

மார்ச் 18

அந்தப் பூவைக் குட்டி ராத்திரியே நிமிர்த்திவிட்டாள். இன்று நான் சொல்ல, அவள் நகர்த்த. "இடது... என் இடது இல்ல, உன் இடது... ஐயோ, அந்த இன்னொரு இடது!" இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலி. திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்தால் இடது கண்ணே போதும் என்று தெரிந்துகொண்டேன்.

மார்ச் 22

கடைசியாக, கழுத்தை ஒட்டிப் போடும் அந்த அகலமான வெள்ளிக் காறை மட்டும் பாக்கி. எப்படி எடுத்தாலும் ஒரு ஓரத்தில் மஞ்சள் திட்டு. குட்டி நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப மெருகு போட்டுப் பார்த்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போச்சு. "வெள்ளியிலேயே குறையோ" என்று முகம் வாடிவிட்டது.

மத்தியானம் மழை. கரண்ட் போனது. சும்மாதான் திரையைப் பார்த்தேன். மஞ்சளைக் காணோம்!

சமையலறை பல்பு. ரெண்டு நாளாக எங்கள் உயிரை வாங்கியது அந்தக் குண்டு பல்பு! ஜன்னல் வெளிச்சத்தோடு அதுவும் வந்து கலந்திருக்கிறது. "கரண்ட் வர்றதுக்குள்ள எடுங்க அண்ணி, எடுங்க!" மழை வெளிச்சத்தில் காறை அமைதியாகக் கிடந்தது, அப்போதுதான் உருக்கி ஊற்றியது போல. எடுத்தேன். பார்த்தேன். என் வேலையை நானே ரசித்து எத்தனை காலமாச்சு!

மார்ச் 24

அனுப்பிவிட்டோம்.

ஏப்ரல் 2

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: வலது கண் இதற்கு மேல் தெளியாது.

"இன்னும் மோசமாகுமா டாக்டர்?"

"ஆகாதும்மா."

அழுவேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தோட்டில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து விழுந்து போனது. அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 9

பதில் வந்துவிட்டது. ஏழு நகைகளை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் தள்ளிவிட்ட பதக்கம் மட்டும் வேண்டாமாம்.

"அவங்களுக்குக் கண்ணே இல்ல" என்றாள் குட்டி. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரிக்க ஆரம்பித்ததும் அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 26

நேற்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். குட்டி ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

இன்று காலை ஒரு பெண்மணி, படம் எடுத்தது யாரென்று கடையில் விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தார். அம்மாவின் சங்கிலியை நாளை மூன்றாக வெட்டி அக்கா தங்கைகள் பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம். முழுசாக இருக்கும்போதே ஒரு படம் வேண்டுமாம். குட்டி அதை அலுங்காமல் வளைத்து வைத்தாள். நான் அட்டையின் இடம் சொன்னேன். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

ராத்திரி என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார். மேஜையில் அட்டைகள், கறுப்புக் காகிதம், என் கேமரா.

"இனிமே இந்த வீட்டுல சாப்பாட்டு மேஜையே கிடையாதா?"

"கிடையாது" என்றோம், நானும் குட்டியும், ஒரே குரலில்.