பாட்டில் வெட்டிய ஊர்கள்

ஜூலை 9, புதன்

எங்கள் பாடல் காப்பகம் திருடுகிறது. பெயர்களை. 'சிறை உழைப்புப் பாடல்' என்ற பதிவில், சேகரித்தவர்: டைரக்டர், பட்டங்களோடு மூன்று வரி. பாடியவர்கள்: கைதிகள். அவ்வளவுதான்.

காலையிலிருந்து தூறல். ஹெட்போனில் இடது காது போச்சு. கடைக்காரன், "புதுசு வாங்கிக்கம்மா, இத ரிப்பேர் பண்றது வேஸ்ட்டு." பார்க்கலாம்.

பாட்டைக் கேட்டு எழுத்தில் இறக்குவது என் வேலை. இது ஆந்திராவில் ஒரு சிறைத் தோட்டத்தில், மண்வெட்டி வேலையின்போது பதிவானது. பாடியது நம் கல்வராயன் மலை ஆட்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போன ஏஜென்ட் வெளியில். வெட்டினவன் உள்ளே. முன்பாட்டுக்காரர் கொளஞ்சி இப்போது ஜாமீனில் வந்திருக்கிறார். நாலைந்து வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை. நேரில் போய்க் கேட்கவேண்டும்.

ஜூலை 12, சனி

கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். வெள்ளிமலை போய்ச் சேர மதியம். அங்கிருந்து நடை. செருப்பெல்லாம் சேறு.

கொளஞ்சி வீட்டு வாசலில் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் பாட்டைப் போட்டேன். பாதியில் சிரித்துவிட்டார்.

"இன்னா பாப்பா, பாட்ட மொட்டையடிச்சி வச்சிக்கிறீங்க? ஊருங்க எங்க?"

"எந்த ஊருங்க?"

விஷயம் இது. மலையில் ஒருத்தர் நிலத்தை எல்லாரும் கூடிக் கொத்தும்போது முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடுவார். வரி முடிந்ததும் வரிசையில் ஒருவன் தன் ஊர்ப்பெயரைக் கத்துவான். அந்தச் சத்தத்தோடு எல்லா மண்வெட்டியும் விழும். அடுத்த வரிக்கு அடுத்தவன், அவன் ஊர். சிறையிலும் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். பதிவில் ஊர் ஒன்றுகூட இல்லை. எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

"ஊரு சொல்லலன்னா எப்பதான் வெட்டறது? அவனவன் கால்லயே போட்டுக்கினு போவ வேண்டியதுதான்." எல்லாரும் சிரித்தார்கள்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கூலிக்கு வந்தவர். ராசாத்தி, புங்கம்பாறை.

"ண்ணா, எங்க ஊரு யாருனா சொன்னாங்களா?"

கொளஞ்சி அவர் பக்கம் திரும்பினார். "சொன்னான் தங்கச்சி. கடைசி வரிசை. வேற பிளாக்கு ஆளு. மூஞ்சி பாக்கல. வேல நேரத்துல திரும்பிப் பாத்தா அடி வுழும்."

ராசாத்தியின் புருஷன் சின்னத்தம்பி. அதே ஏஜென்ட்தான் கூட்டிப்போனான். அதன்பிறகு தகவலே இல்லை. அந்தச் சிறை வாசல்வரை போய்க் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். செத்துப்போனான் என்று ஊரில் பேச்சு.

"அந்தப் பேருல எப்படி இருக்கும்? புடிச்சா நெசப் பேரச் சொல்லாதன்னு ஏஜென்ட்டு படிச்சிப் படிச்சிச் சொல்லிதான் இட்டுக்கினு போவான். நானே அங்க முருகன்தான்." கொளஞ்சி இதை வெளியில் சொன்னால் இன்னொரு கேஸ் வரும் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். போலீசிடம் பெயரை மாற்றினவர்கள், பாட்டில் ஊரை மாற்றவில்லை.

"ஒரு தரம் போடு பாப்பா. அவரு கொரலு எனக்குத் தெரியாதா?"

என் போனில் அந்தக் குரல் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு மறுபடி மூட்டை கட்டப் போய்விட்டார்.

எழுத வந்த நாலைந்து வார்த்தையைக் கேட்க மறந்தேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். டைரக்டருக்குப் போன்.

"அது வெறும் ரிப்பீட்டிஷன்மா. கேக்கறவங்களுக்கு போரடிக்கும்."

"வெட்டாத ஃபைல் இருக்கா சார்?"

"இருக்கு. தர முடியாது. கைதிங்க அடையாளம் வெளிய வரக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுதான் உள்ள விட்டாங்க."

இதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? பெண்டாட்டியிடமிருந்தா? வெளியே தரவேண்டாம், ராசாத்தி மட்டும் கேட்கட்டும் என்றேன். கமிட்டியில் வைக்கவேண்டுமாம். கமிட்டி எப்போது? "கூடும்போது."

வெள்ளிக்கிழமை இங்கே மண்டபத்தில் இந்தப் பாடல்களுக்கு வெளியீட்டு விழா. சார் லேப்டாப்போடு வருகிறார், வெட்டாத ஃபைல் அதில்தான். ராசாத்தியை வரச்சொல்லி கொளஞ்சிக்குப் போன் போட்டேன். கொளஞ்சி வரமாட்டாராம், அவர்மேல் கேஸ் நடக்கிறது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 18, வெள்ளி

புழுக்கம். ராசாத்தி முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டார். விழாவுக்கு முன்பே சாரிடம் அழைத்துப்போனேன். "முடியட்டும், பாக்கலாம்." பின்வரிசையில் உட்கார்ந்தோம். மேடைக்குச் சால்வை, எங்களுக்குச் சமோசா.

பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். மொட்டைப் பாட்டு. முன்வரிசை தொடையில் தாளம் போட்டது. கைதட்டல் ஓயும் முன் ராசாத்தி எழுந்துவிட்டார்.

"எங்க ஊரு எங்கங்க?"

முன்னால் ஒருவன் திரும்பி, "இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?" சிரிப்பு. அவனை அறைந்திருக்கவேண்டும். அறையவில்லை.

இன்னொருவர், "உக்காரும்மா, நிகழ்ச்சி நடந்துக்கினு கீதில்ல."

"நடக்கட்டுங்க. எங்க ஊரு பேர வெட்டிட்டீங்களாமே, அத மட்டும் போடுங்க."

சார் மைக்கில், "அம்மா, கேள்வி நேரம் தனியா இருக்கு." கேள்வி நேரம் வரவேயில்லை. நன்றியுரை தொடங்கியதும் லேப்டாப்பைப் பையில் வைத்தார். நான் மேடையேறி, "சார், ரெண்டே நிமிஷம், ஹெட்போன்ல" என்றேன். "நீ காப்பகத்து ஸ்டாஃபா, அவங்க ஆளா?" அவர்கள் ஆள் என்றேன். வேலை போயிருக்கும். பரவாயில்லை.

பக்கவழியாக வெளியேறினார். நாங்கள் ஓடிப்போனபோது காரில் ஏறிவிட்டார். கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது. ராசாத்தி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஒரு தரம் போடுங்க சார். அவருதானா இல்லையான்னு கேட்டுட்டுப் போயிடறேன்."