அமுக்காதே என்றேன்

அக்கா,

ரேஷன் கார்டைத் தேடிப் பீரோவைக் கலைத்தபோது சேலைகளுக்கு அடியில் அந்தக் கவர் கிடைத்தது. உன் நெஞ்சில் ஒட்டியதுபோக மிச்சமிருந்த நாலு வட்ட ஸ்டிக்கர்கள். பசை காய்ந்துவிட்டது. தேடியதை மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மாசிக் கடைசியில், நெஞ்சு படபடக்கிறது என்று நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு என் வீட்டுக்கு வந்தாய். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் துடிப்பைப் பதிகிற ஒரு சின்ன மெஷினை மாட்டி, ஒரு வாரம் போட்டிருக்கச் சொன்னார்கள். நர்ஸ் எல்லாவற்றையும் விளக்கினாள். நான் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் கத்தியது. வேர்வையில் ஒரு ஸ்டிக்கர் கழன்றிருந்தது. துடைத்துக் காயவைத்து ஒட்டினேன். நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தல். வயரைப் பார்த்தேன், பேட்டரி மூடியை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த தடவை கத்தியபோதுதான் உன் விரல் மெஷின் பொத்தான்மேல் இருப்பதைக் கண்டேன்.

"யக்கா, சும்மா சும்மா அதை ஏன் அமுக்குத? அதான் கத்துது."

"அந்த நர்ஸ் பிள்ள அமுக்கச் சொன்ன மாரி இருந்துச்சுட்டி..."

"கெட்டுப்போனா நம்மளைத்தான் சொல்லுவாவ. தொடாத."

கையை எடுத்துவிட்டாய். அதற்குப்பின் வாரம் முழுக்கச் சத்தமே இல்லை. மெஷினை நானே சரிசெய்துவிட்டதாக வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இடையில் ஓரிரு முறை நீ சுவரைப் பிடித்தபடி நின்றாய். கேட்டால் "ஒண்ணுமில்லட்டி" என்றாய்.

வாரம் முடிந்து மெஷினைக் கழற்றப் போனபோது டாக்டர் உன்னைத்தான் கேட்டார். "முதல் நாள் அமுக்கினது வேர்வையில தெளிவா விழலம்மா. அப்புறம் படபடப்பே வரலையா? வந்தா பட்டனை அமுக்கினாத்தான் பதியும்னு சொன்னாங்களே?"

நீ வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர், அப்புறம் ஒண்ணும் வரல."

என் மடத்தனம் வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கம், அவ்வளவுதான். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். அடுத்த மாதம் இன்னொரு தடவை மாட்டிப் பார்ப்போம் என்றார் அவர்.

பஸ் ஏறும்போது நீயாகத்தான் பேச்சை எடுத்தாய். "விடுட்டி. அடுத்த மாசம் நல்லா அமுக்கிருதேன்." சிரிக்க வேறு செய்தாய்.

பங்குனியில் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே கரிசலில் விழுந்தாய். நான் ஓடி வந்து சேர்ந்தபோது உன் மடியில் கட்டியிருந்த பருத்தியைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

கருமாதி முடிந்து அதே டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்த நானும் உன் பிள்ளையும் நெஞ்சைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். எனக்கும் துடிப்பில் கோளாறு இருக்கிறதாம். மாத்திரை சாப்பிடுகிறேன். உன் மகளுக்கு ஒன்றும் இல்லை.

சோதனை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள், "எங்க அம்மைக்கும் இப்படி முன்னாலயே தெரிஞ்சிருக்கக் கூடாதா சித்தி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா, அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.