அப்பா வேலையை விடுவதற்குள்

கூத்தப்பாக்கம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே, அப்பா ஷிப்டுக்குப் போன நேரம் போன் செய்யலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுகை முந்திக்கொள்ளும், விஷயம் வராது. பக்கத்து வீட்டு மாலதி அக்கா அடுத்த வாரம் மகனிடம் லண்டன் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா கம்பெனி வேலையை விடப்போகிறார். ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, ஆனால் இந்த மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிடுவாராம். பண்ருட்டியில் மணவாளனின் பலாப்பழ மண்டியில் கொட்டைக்குப் பேசிவிட்டார், அண்ணாகிராமத்தில் ஷெட்டும் பிடித்தாயிற்று, பலாக்கொட்டை மாவு அரைத்து விற்கப்போகிறார். எல்லாம் உன் படிப்பை நம்பித்தான். பிசினஸ் படிப்புதான், ஆனாலும் இதில் மனுஷர் மனசு, சமூகம், சட்டம், பொருளாதாரம் எல்லாம் சேரும், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் ஏன் தொடங்குகிறார்கள் எதனால் விழுகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் வேலை என்று சொன்னாயே, அதில் விழுகிறவர்களைப் பற்றிச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை. வயசான பிறகு தொடங்குகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள் என்று ஏதோ கட்டுரையிலிருந்து விளையாட்டாக வாசித்தாய், அதைச் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன், கேட்கவில்லை. என் தம்பி ராஜவேல் வந்து கெஞ்சிப் பார்த்தான். அவனிடம், "எம்பொண்ணு எல்லாத்தையும் சேத்துப் படிச்சிட்டு வந்து நிக்கும்போது அப்பன் கையில ஒண்ணும் இல்லன்னா நல்லாவா இருக்கும் மச்சான்? நான் ஆரம்பிச்சு வெக்கிறேன், மீதிய அவ பாத்துப்பா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அங்கேயே காலேஜில் வேலை கிடைத்துவிட்டது, இனி ஊரோடு வர மாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாய். பக்குவமாக அவரிடம் சொல்கிறேன் என்றேன், இன்னும் சொல்லவில்லை. காபியோடு பக்கத்தில் போவேன், ஷெட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று பிரிசியைக் கேளு என்பார், காபியை வைத்துவிட்டு வந்துவிடுவேன். சொன்னால் மனுஷர் ஒடிந்துபோவார், சொல்லாவிட்டால் இருக்கிற வேலையும் போகும். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, படிக்கப் போ என்று அனுப்பியதே நாங்கள்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னோடு இருப்பார். மறக்காமல் மாதக் கடைசிக்குள் நீயே அப்பாவிடம் சொல்லிவிடு. நீ சொன்னால் வேலையை விடமாட்டார், அது தெரியும். அதற்கப்புறம் அவரை என்ன சொல்லித் தேற்றுவது என்பதையும் நீயே எனக்குச் சொல்லு, எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயராணி தேவசகாயம்