நீ பிரித்து வைத்த திகதிகள்

இன்று காலை தூசி தட்டுவதற்காக என் கணினியின் மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் மணம் முகத்தில் அடித்ததும் உன் நினைவு வந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு உன்மேலுள்ள பொறாமை இன்னும் போகவில்லை.

ஒருகொடவத்தையில் கப்பல் கொள்கலன்கள் அடுக்கும் முற்றமொன்றுக்கு நாமிருவரும் மென்பொருள் எழுதிய காலம் அது. எந்தக் கொள்கலன் பெட்டி அதிக நாள் கிடக்கிறது என்று கேட்டால் திரை உறைந்து நிற்கும். மாதமுடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்றார்கள். பொறுப்பு என்னுடையது. தேடும் வேலையைப் புரொசெசருக்குள் ஒரே நேரத்தில் வேலைசெய்யும் நான்கு கோர்களுக்கும் பகிர்ந்துகொடுத்து வாரக்கணக்காக எழுதினேன். வேகம் கூடியது கொஞ்சந்தான்.

ஒருநாள் நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, பையைக்கூட வைக்காமல் என் திரையைப் பார்த்தாய்.

“கோர் எல்லாம் சும்மா நிக்குதடி. மெமரியில இருந்து டேட்டா வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்குது. நாலு பேரை விட்டாலும் வாசல் ஒண்டுதானே.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“உனக்குத் தேவை திகதி மட்டும். நீ பெட்டியைப் பற்றின முழு விபரத்தையும் இழுக்கிறாய்.”

உரிமையாளர், கப்பல், சரக்கு, திகதி எல்லாவற்றையும் நான் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தேன். நீ திகதிகளை மட்டும் பிரித்து, மெமரியில் அடுத்தடுத்து அடுக்கினாய். புரொசெசர் ஒன்றை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அள்ளி, தனக்குள் இருக்கும் சின்ன மெமரியில் வைத்துக்கொள்ளும். இப்போது அது அள்ளியதெல்லாம் திகதிகளாகவே இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. விசையை அழுத்திய கையோடு பதில் வந்தது.

முகாமையாளர் உனக்குக் கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். பிறகு சிங்கப்பூரில் சிப் வடிவமைக்கும் வேலையும் உனக்கே கிடைத்தது. நானும் அதற்கு விண்ணப்பித்திருந்ததை உனக்குச் சொல்லவில்லை.

உன் அடக்கத்தன்று தேவாலய வாசலில் உன் கணவர் சொன்னார்: “ஆஸ்பத்திரியில படுத்திருக்கேக்கையும், புது சிப் எப்பிடி வேகமா ஓடுதெண்டு எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தவ.”

அழுதுகொண்டிருந்த எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது. அந்தக் கதையை நீ என்னிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

போனமாதம் ஒரு நிரல் எழுதினேன். உன்னால்கூட அதை இன்னும் வேகமாக ஓடவைக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனாலும் தினமும் திறந்து பார்க்கிறேன், நீ எங்கே பிழை பிடித்திருப்பாய் என்று.