ஸ்டிக்கரைத் துடைத்தவன்

மார்ச் 4

வேலைக்குச் சேர்ந்து இரண்டரை மாதம். வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்த ரூட்டர்களைத் துடைத்து, புது மென்பொருள் ஏற்றி, மறுபடி அனுப்ப வேண்டும். மூன்று மாத முடிவில் மேடம் எழுதித் தந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. ஆகவே இன்று என் சுறுசுறுப்பைக் காட்டினேன். நாற்பது ரூட்டரையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பிசுக்கு, ஸ்டிக்கர் எதுவும் மிச்சமில்லாமல் பளபளப்பாக்கிவிட்டேன்.

மார்ச் 5

போச்சு. எந்த ரூட்டர் இரண்டாம் பதிப்பு, எது மூன்றாம் பதிப்பு என்பது அடியில் இருந்த அந்த ஸ்டிக்கரில்தான் இருந்ததாம். வெளியே ஒரே வெள்ளைப் பெட்டி, ஒரே நாலு கொம்பு. உள்ளே சிப் வேறு. ஒன்றின் மென்பொருளை இன்னொன்றில் ஏற்றினால் ஆள் காலி. பக்கத்து மேசை அக்காவிடம் சும்மா பொது அறிவுக்குக் கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நடிப்பில் மட்டும் நமக்குக் குறையில்லை.

மார்ச் 6

எடை வித்தியாசம் இருக்குமோ? சமையல் தராசைப் பைக்குள் வைக்கும்போது மகள் பார்த்துவிட்டாள். "ஏம்ப்பா, ஆபீஸ்ல கேக் செய்யற வேலை குடுத்துட்டாங்களா?"

எல்லாம் ஒரே எடைதான். கையில் கொஞ்சம் கனமாகத் தோன்றிய ஒன்றை மூன்றாம் பதிப்பு என்று நானே தீர்ப்பெழுதி, அதற்கான மென்பொருளை ஏற்றினேன். விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. அப்புறம் வெறும் கட்டை.

மார்ச் 7

சொல்லலாமா? சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா — மிச்ச முப்பத்தொன்பதும் போய், அப்புறம் வேலையும் போகும்.

மதியம் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். செத்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மத்தது எல்லாம் உயிரோட இருக்குல்ல? உக்காருங்கண்ணே."

ஒன்றைக் கணினியில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்தார். கீழே பொடி எழுத்தில் பதிப்பு எண். கேட்டால் அதுவே சொல்கிறது. நான் தராசோடு அலைந்திருக்கிறேன்.

மார்ச் 10

முடிந்தது. பாதியை அக்கா வாங்கிக்கொண்டார், கேட்காமலே. செத்ததையும் மேடம் பின்னாலிருந்த பட்டனை அழுத்திப் பிடித்து எழுப்பிவிட்டார். புது ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டினோம். யாரும் சுடுசொல் ஒன்று சொல்லவில்லை. எனக்கு எங்கே கிடைத்தார்கள் இவர்கள்?

மார்ச் 19

நிரந்தரக் கடிதம் வந்தது. கூட இருந்த மதிப்பீட்டுத் தாளில், குறைகள் என்ற கட்டத்தில் மேடத்தின் கையெழுத்து: "அவசரக்காரர். ஆனால் செய்த தப்பைத் தானே வந்து சொல்வார்."

மனைவி இரண்டு தடவை படித்தாள். "தானே வந்து சொல்வாரா? வீட்ல இது எப்பலேர்ந்து?"

சாப்பிட்டு முடித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போன மாதம் கண்ணாடி ஜாடியை உடைத்தது பூனை இல்லை என்று சொன்னேன்.